பக்கத்து வீட்டு டிரைவ்வேயில் ஒரு வழுக்கல்: பனி வாரிய பிறகு நடந்தது என்ன

ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு எங்கள் பக்கத்து வீட்டு அம்மா தன் டிரைவ்வேயில், அதாவது வீட்டிலிருந்து வீதிக்குக் கார் போகிற பாதையில், வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவருக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். அவர் விழுந்தது, இரண்டு நாள் முன்னால் நானும் என் மகளும் எதிர்வீட்டுக்காரரும் இரண்டு மணி நேரம் நின்று பனியை வாரி, உப்பும் தூவி, "இனி கவலையில்லைம்மா" என்று சொல்லிவிட்டு வந்த அதே இடத்தில்.

யாருமே தொடாமல் விட்ட பாதையில் விழுந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. நாங்கள் சுத்தம் செய்த தரையில் விழுந்தார், அதனால் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. புதன்கிழமை எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அடுத்த வாரம் கையில் கட்டோடு அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். நாங்கள் மூவரும் கண்டுபிடித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்குப் பனி வாரிக் கொடுக்கிற எல்லோருக்கும் இது தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

சனி முதல் திங்கள் வரை

சனிக்கிழமை காலை பனி நின்றபோது தரையில் 18 செ.மீ. இருந்தது. ஈரமில்லாத, லேசான பனி. வெளியே மைனஸ் 5 டிகிரி. அம்மாவின் டிரைவ்வே 14 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 14 கன மீட்டர் பனி. இந்த மாதிரிப் புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 1,400 கிலோ வருகிறது. இதையே ஈரப்பனியாக யோசித்துப் பாருங்கள், எடை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகிவிடும்.

கார் வெளியே வருவதற்கு முழு அகலமும் வேண்டும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். வலது ஓரத்தில் செடிகள் வரிசையாக இருந்தன, அவற்றின் மேல் போட்டால் ஒடிந்துவிடும் என்று பயந்து முக்கால்வாசிப் பனியை இடது ஓரத்தில் குவித்தோம். குவியல் என் மகளின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. தரை கறுப்பாகத் தெரிந்தது. மாலை ஐந்து மணிக்கு உப்பைக் கை நிறைய அள்ளி எல்லா இடத்திலும் வீசிவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், மதியம் பிளஸ் 3 டிகிரி. வீதியில் எல்லோரும் வெளியே வந்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்த நாள் அது. இரவு மேகமே இல்லாத வானம், விடியும்போது மைனஸ் 8. திங்கட்கிழமை குப்பை வண்டி வரும் நாள். அம்மா இருட்டோடு பக்கவாட்டுக் கதவைத் திறந்து குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கதவிலிருந்து மூன்று மீட்டர் தாண்டியதும் கால் போய்விட்டது. விழும்போது கையை ஊன்றினார், எலும்பு முறிந்தது. யாரும் பார்க்கவில்லை. அவரே மெல்ல எழுந்து உள்ளே போய்த் தொலைபேசியில் அழைத்தார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

செவ்வாய் காலை போய்ப் பார்த்தபோது ஐஸ் அப்படியே இருந்தது. நேராக நின்று பார்த்தால் ஈரத்தரை மாதிரித்தான் தெரிந்தது. காற்றுக் குமிழ் சிக்காமல் மெல்லிசாக உறைகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே உள்ள கறுப்புத் தரைதான் கண்ணுக்குப் படும். பிளாக் ஐஸ் என்று சொல்வது இதைத்தான். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து அடித்தபோதுதான் அதன் உருவம் தெரிந்தது: இடது ஓரக் குவியலின் அடியிலிருந்து விசிறி மாதிரி விரிந்து டிரைவ்வேயின் குறுக்கே ஓடியிருந்தது.

நீளப் பலகை ஒன்றை வைத்து, அதன் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். டிரைவ்வே வீட்டிலிருந்து வீதிக்குச் சரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டிலும் சரிகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. இடது ஓரம் வலதைவிட 9 செ.மீ. உயரம். அதாவது, ஆயிரம் லிட்டர் தண்ணீராக மாறப்போகிற பனியை மேட்டுப் பக்கத்தில் கொண்டுபோய்க் குவித்துவிட்டு வந்திருக்கிறோம். வெயில் பட்டதும் அது உருகி, நாங்கள் சுத்தம் செய்து வைத்த கறுப்புத் தரைமேல்தான் ஓடியது. இரவில் உறைந்தது. பனியை வாராமல் விட்டிருந்தால்கூட அந்த இடத்தில் அவ்வளவு வழவழப்பான ஐஸ் வந்திருக்காது, இதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

இன்னொரு ஊற்றும் இருந்தது. கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய், பக்கவாட்டுக் கதவுக்கு அருகே சுவரோரம் வந்து, நேராக டிரைவ்வே மேல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கூரைப் பனி உருகிய தண்ணீரும் குவியலிலிருந்து வந்த தண்ணீரும் சந்தித்த இடம்தான் அம்மா விழுந்த இடம். வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

வெப்பநிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் ஐஸ் பிடிக்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும், அதனால் தரை காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். தொலைபேசியில் பிளஸ் 1 என்று காட்டும்போதே தரையில் ஐஸ் பிடித்திருக்கலாம். வெயிலடித்த நாளைத் தொடர்ந்து வருகிற தெளிந்த இரவுதான் மோசமானது. பனி கொட்டுகிற இரவில் எல்லோரும் கவனமாகத்தான் நடக்கிறோம்.

உப்பு ஏன் கைகொடுக்கவில்லை

எதிர்வீட்டுக்காரர் முதலில் கேட்டது இதைத்தான்: "உப்புப் போட்டோமே, அப்புறம் எப்படி உறைஞ்சது?"

உப்பு தானாக எதையும் செய்யாது. தண்ணீரில் கரைந்து உப்புநீரானால்தான் வேலை செய்யும். சாதாரணக் கல்லுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, தண்ணீரில் 23 சதவீதம் அளவுக்குக் கரைந்திருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மனசில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் சேரச் சேர அது நீர்த்துப்போகும். 10 சதவீதக் கரைசல் மைனஸ் ஆறரை டிகிரி பக்கத்திலேயே உறையத் தொடங்கும். 5 சதவீதமானால் மைனஸ் 3 போதும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் நாங்கள் போட்ட உப்பைக் கரைத்து, நீர்க்க வைத்து, பெரும்பகுதியை வீதிச் சாக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது. திங்கள் விடிகாலை மைனஸ் 8-இல் அங்கே உப்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

நாங்கள் போட்ட அளவும் அதிகம், நேரமும் தப்பு. ஷவலால் தரை தெரியும்வரை சுரண்டி எடுத்த இடத்தில், ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய குவளை உப்பைப் பரவலாகத் தூவினால் போதும். நாங்கள் அரை வாளியைக் கொட்டியிருந்தோம். உப்பு போய்ச் சேருவது சாக்கடைக்கும் மண்ணுக்கும் ஓடைக்கும், அங்கே போனபின் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஞாயிறு மாலை, தண்ணீர் ஓடி நின்ற பிறகு, அது உறையத் தொடங்கும் முன்னால் கால் குவளை போட்டிருந்தால் அந்த அரை வாளியைவிட உபயோகமாக இருந்திருக்கும்.

குளிர் மைனஸ் 10-க்குக் கீழே போனால் கல்லுப்பு ரொம்ப மெதுவாகத்தான் வேலை செய்யும். கால்சியம் குளோரைடு கரையும்போதே சூட்டை வெளிவிடும், அதனால் இன்னும் கடுமையான குளிரிலும் வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிப்பு மட்டும் கொடுக்கும், எந்தக் குளிரிலும் கொடுக்கும். வயதானவர் நடக்கிற வழிக்கு நான் இப்போது முதலில் நம்புவது மணலைத்தான்.

கதவுக்கு முன்னால் இருக்கிற சிறு மேடை அந்த இலையுதிர் காலத்தில்தான் புதிதாகக் காங்கிரீட் போட்டது. அதன் மேலும் உப்பைத் தூவிவிட்டோம். புதுக் காங்கிரீட்டுக்கு முதல் குளிர்காலத்தில் உப்பே காட்டக் கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. உப்புப் போட்ட இடத்தில் ஈரம் அதிகமாகத் தங்கி, உருகி உறைந்து உருகி உறைந்து, மேல்பகுதி செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். வசந்தத்தில் பார்த்தபோது உள்ளங்கை அளவுக்கு மூன்று இடங்களில் பெயர்ந்திருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான்தான் பார்த்தேன். அதைச் சரிசெய்து கொடுக்கிற பொறுப்பு என்னுடையது.

கேட்காமல் விட்டவை

இந்த ஆய்விலேயே கடினமான பகுதி, அம்மாவோடு உட்கார்ந்து பேசியதுதான்.

முதல் விஷயம், அவர் காரை வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கிறார். அந்த வாரம் எடுக்கிற எண்ணமே இல்லை. தினமும் அவர் போகிற வழி பக்கவாட்டுக் கதவிலிருந்து குப்பைத் தொட்டிக்கும், அங்கிருந்து தபால் பெட்டிக்கும். முன்கதவை அவர் குளிர்காலத்தில் திறப்பதே இல்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து காருக்காக 77 சதுர மீட்டரைச் சுத்தம் செய்தோம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் 15 மீட்டர் நடைவழி. அதை மட்டும் தரை காய்கிற அளவுக்குச் செய்திருந்தால் அரை மணி நேர வேலை, பனியும் பத்தில் இரண்டு பங்கைத் தாண்டியிருக்காது.

இரண்டாவது, வலது ஓரத்துச் செடிகள். "அதுவா? தானா முளைச்ச காட்டுச்செடி தம்பி. வசந்தம் வந்ததும் வெட்டிப் போடணும்னு இருந்தேன், அது மேல எவ்வளவு வேணும்னாலும் போட்டிருக்கலாமே" என்றார். வலது ஓரம்தான் பள்ளம். அங்கே குவித்திருந்தால் உருகிய தண்ணீர் புல்வெளியில் இறங்கியிருக்கும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப நேரம் பேசாமல் உட்கார வைத்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலமே தண்ணி ஓடுறதைப் பார்த்தேன். ராத்திரி உறைஞ்சிடுமேன்னு தோணுச்சு. ஆனா நீங்க மூணு பேரும் அவ்வளவு பாடுபட்டுட்டுப் போயிருக்கீங்க. திரும்பக் கூப்பிட்டு இதையும் வந்து பாருங்கன்னு எப்படித் தம்பி சொல்றது?"

ஆக, அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வருஷமாக அந்த வீட்டில் இருப்பவர், எந்தக் குழாய் எங்கே கொட்டும், எந்த மூலை எப்போது உறையும் என்று எங்களைவிட நன்றாகவே தெரியும். காசு கொடுத்து ஆள் வைத்திருந்தால், இடது பக்கம் போடாதே என்று சனிக்கிழமையே சத்தம் போட்டிருப்பார். நாங்கள் உதவிக்கு வந்தவர்கள் என்பதால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார். நாங்களும் அவரைக் கேட்கவில்லை, "குளிர்ல வெளியே வராதீங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். நல்ல மனசோடுதான் சொன்னேன். ஆனால் அந்த இடத்தைப் பற்றி அதிகம் தெரிந்த ஆளை அந்த ஒரு வாக்கியத்தால் வேலைக்கு வெளியே நிறுத்திவிட்டேன்.

உதவி வாங்குகிறவர் குறை சொல்ல மாட்டார், இதை நம்பி வேலையைத் திட்டமிட வேண்டும். அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது, நாமே போய்க் கேட்க வேண்டும், அதுவும் "எல்லாம் சரிதானே" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். "நாளைக் காலையில முதல்ல எந்தக் கதவு வழியா, எத்தனை மணிக்கு வெளியே போவீங்க?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

மயிரிழையில் தப்பிய இன்னொன்று

பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். அவருக்கு 58 வயது, மூன்று வருஷம் முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் (அடைப்பட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற சிறு குழாய்) வைத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. அன்று இரண்டு மணி நேரமும் அவர் எங்களுக்குச் சமமாக ஷவல் பிடித்தார். என் மகள் வேகமாக வாருவதைப் பார்த்து அவரும் வேகமாக வாரினார்.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பனி வாரும்போது அடிபட்டோ உடம்புக்கு முடியாமலோ அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக 11,500 பேர். அதில் மூன்றில் ஒரு பங்கு கீழ்முதுகுக் காயங்கள். இதயக் கோளாறோடு வந்தவர்கள் 7 சதவீதம் அளவுதான், ஆனால் அந்த ஆய்வில் பதிவான மரணங்கள் எல்லாமே அந்த 7 சதவீதத்துக்குள் நடந்தவை. கனடாவின் கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான தரவுகளைப் பார்த்த இன்னோர் ஆய்வு, கனமான பனி பெய்த மறுநாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடுவதைக் காட்டியது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பாரம் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அது அழுத்தத்தை இன்னும் ஏற்றும். கைகளால் செய்யும் கடும் வேலை, கால்களால் செய்வதைவிட இதயத்தை அதிகம் வாட்டும். இதெல்லாம் சேர்ந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்த உடம்புக்கு, விடிகாலையில் ஒரே நேரத்தில் வருகிறது. நெஞ்சில் இறுக்கம், கை வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் எது வந்தாலும் ஷவலைப் போட்டுவிட்டு உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும், "இந்த ஓரத்தை மட்டும் முடிச்சிடுறேன்" என்பதே கூடாது.

அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே இது எங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். வழுக்கி விழுந்த சம்பவம் இல்லாவிட்டால் நாங்கள் உட்கார்ந்து பேசியிருக்கவே மாட்டோம், அவரும் அடுத்த பனிக்கு ஷவலோடு வந்து நின்றிருப்பார்.

என்ன மாற்றினோம்

பெரிய ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. பனி எல்லாம் இப்போது வலது பக்கம் போகிறது. தூக்கி வீசுவதைவிடத் தள்ளிக்கொண்டு போவது முதுகுக்கும் நல்லது, பள்ளம் பார்த்துத் தள்ளுவதால் வேலையும் குறைந்தது. கூரைக் குழாயின் வாயில் இரண்டு மீட்டர் நீட்டுக் குழாய் மாட்டி, தண்ணீரைச் செடிப்பக்கம் திருப்பிவிட்டோம். பக்கவாட்டுக் கதவுக்கு உள்ளேயே ஒரு மூடி போட்ட வாளியில் காய்ந்த மணலும் ஒரு குவளையும் இருக்கின்றன. வெளியே வைத்தால் ஈரம் பட்டு அதுவே கட்டியாக உறைந்துவிடும், ஒரு தடவை அப்படி ஆனது.

வேலையின் வரிசையும் மாறியது. முதலில் நடைவழி, தரை காயும்வரை. அப்புறம்தான் காருக்கான இடம், அதுவும் அவர் வேண்டுமென்று சொன்னால். காரை எடுக்கிற நாளென்றால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அடைத்திருக்கும்போது என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வந்துவிடும், அதற்கு வாசனையே கிடையாது.

எதிர்வீட்டுக்காரர் ஷவல் பிடிப்பதில்லை. முதலில் அவருக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, சும்மா நின்று பார்ப்பதா என்றார். இப்போது அவர் வேலை சாயங்காலக் காவல்: பகலில் உருகி இரவில் உறையப்போகிற நாளென்றால் ஐந்து மணிக்கு டார்ச்சோடு அம்மா வீட்டு வழியாக ஒரு நடை போய், எங்கே ஈரம் இருக்கிறது என்று பார்த்து எனக்குச் செய்தி அனுப்புவார். நான் போய் மணலோ உப்போ போடுவேன். எங்கள் மூன்று வேலைகளில் முக்கியமானது இதுதான் என்பது என் கணிப்பு. குப்பைத் தொட்டியை ஞாயிறு இரவே என் மகள் வெளியே வைத்துவிடுகிறாள்.

மிச்சக் குளிர்காலம்

அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் பதினோரு தடவை பனி பெய்தது. நடைவழியில் ஐஸ் பிடித்தது இரண்டு தடவை, இரண்டையும் மாலையிலேயே கண்டுபிடித்துவிட்டோம். ஆளுக்கு ஆகிற நேரமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

சரியாகாத ஒன்று, பனி தள்ளும் லாரி. அது நடுராத்திரியில் வீதியைத் தள்ளிக்கொண்டு போகும்போது டிரைவ்வேயின் வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பை விட்டுப்போகிறது. அது நசுங்கி ஈரமேறிய கனமான பனி, விடியும்வரை விட்டால் கல்லாகிவிடும். லாரி வருகிற திசைக்கு முன்னால் ஓரத்தில் கொஞ்ச இடத்தைக் காலியாக்கி வைத்தால் லாரி தள்ளிவரும் பனியில் பாதி அங்கே விழுந்துவிடும் என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை செய்து பார்த்தோம், ஓரளவுக்குத்தான் பலன். இதற்கு இன்னும் நல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவின் கை கட்டைப் பிரித்தாயிற்று, பேனா பிடிக்க முடிகிறது, கனமான பாத்திரம் தூக்க இன்னும் சிரமம். பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, எதிர்வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன்னாலேயே அம்மாவிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: "தம்பி, குழாய் வாயில ஐஸ் அடைச்சிருக்கு, தண்ணி பழையபடி இந்தப் பக்கம் வருது. சுடுதண்ணி ஊத்த வேணாம், அதுவும் உறைஞ்சிடும். ஒரு குச்சியும் மணலும் எடுத்துட்டு வாங்க." போய்ப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருந்தது. நான் குத்திவிட்டேன், அவர் கதவில் நின்றபடி டார்ச் அடித்து எந்தப் பக்கம் இன்னும் ஈரம் இருக்கிறது என்று காட்டினார்.